கைபேசி மடலும் அரபுத்தமிழ் தந்த பாடமும்

கைபேசியில் எழுதப்படும் செய்திகளைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கடிதமும் இலக்கியத்தின் ஒரு துறையே என்பதை அரபு அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மடல் வரையும் கலைக்கு ‘இன்ஷா’ என்று பெயரிட்டு நெறி வகுத்தார்கள். கெய்ரோவில் மம்லூக் அரசின் செயலகத்தில் எழுத்தராக இருந்த அல்கல்கஷந்தீ (மறைவு 1418), அக்கலைக்கென ‘ஸுப்ஹுல் அஃஷா’ என்ற பெருநூலையே எழுதி வைத்தார். மடல் இலக்கியமானால், இன்று மடலின் இடத்தைப் பிடித்துக்கொண்ட வாட்ஸப் செய்தியும் ஆராயத்தக்கதே. நம் வீடுகளில் பலர் நாள்தோறும் எழுதும் எழுத்து அது ஒன்றுதான்.

அச்செய்திகளைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, தமிழ் ஆங்கில எழுத்தில் நடமாடுவது. உம்மாவை நலம் விசாரிப்பதும், வாப்பாவிடம் பணம் கேட்பதும், நிக்காஹ் அழைப்பும், மவுத்துச் செய்தியும் எல்லாம் அந்த உருவில்தான் வருகின்றன. மொழி நம்முடையது, எழுத்து நம்முடையதன்று. இதன் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பழக்கம் சோம்பலில் பிறந்தது என்று கூறுவது நியாயமாகாது. இது பிறந்தது பற்றாக்குறையில். 1985ஆம் ஆண்டில் ஃபிரீடெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர், பற்பல வாக்கியங்களைத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்து, ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் போதும் என்ற முடிவுக்கு வந்தார். 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அந்த 160 என்பது இலத்தீன் எழுத்துக்கு உரிய கணக்கு. தமிழிலோ அரபியிலோ எழுதினால் ஒரு செய்திக்கு 70 குறியீடுகளே கிடைத்தன. அதிலும் நாம் இரண்டெழுத்தாக எண்ணும் ‘மொழி’ என்ற சொல் அங்கே நான்கு குறியீடுகள். உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். பல கைபேசிகளில் தமிழ் எழுத்து தோன்றவே இல்லை, கட்டங்களே தோன்றின. ஒவ்வொரு செய்திக்கும் காசு கொடுத்த அக்காலத்தில், வளைகுடாவில் வியர்வை சிந்தியவர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினார் என்றால் அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை.

இதே நெருக்கடி அரபு நாட்டு இளைஞர்களுக்கும் நேர்ந்தது. 1990களில் அவர்கள் கையிலிருந்த கைபேசிகளும் கணிப்பொறிகளும் பெரும்பாலும் அரபு எழுத்தை ஏற்கவில்லை. அவர்களும் இலத்தீன் எழுத்தையே நாடினார்கள். ஆனால் ‘ஐன்’ என்ற எழுத்தின் ஓசைக்கு அங்கே இடமில்லை. என் செய்தார்கள்? ஐன் எழுத்தைத் திருப்பிப் போட்டாற்போல் தோன்றும் 3 என்ற எண்ணை அதற்கு ஈடாக வைத்தார்கள். ‘ஹே’யிலிருந்து ‘ஹா’வைப் பிரித்துக் காட்ட 7 என்ற எண்ணையும், ஹம்ஸாவுக்கு 2 என்ற எண்ணையும் கொண்டார்கள். அரபி, இங்கிலீஸி என்ற இரு சொற்களையும் ஒட்டி ‘அரபீஸி’ என்று அதற்குப் பெயரும் வந்தது. அரபு மொழிக் காவலர் பலர் இதைக் கடிந்தார்கள். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தைக் கடன் வாங்கிய அந்த இளைஞர்கள் ஓசையை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் முன்னோர் செய்ததும் இதுவே அன்றோ? அரபுத்தமிழ் என்பது தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதிய முறை. தமிழ் எழுத்தில் ‘கல்பு’ என்று எழுதினால் அது உள்ளத்தையும் குறிக்கலாம், நாயையும் குறிக்கலாம். அரபியில் ‘காஃப்’ வேறு, ‘காப்’ வேறு. மார்க்கச் சொற்கள் சிதையாதிருக்க அரபு எழுத்து வேண்டும்; தமிழ்ச் சொற்கள் சிதையாதிருக்கத் தமிழ் ஓசை வேண்டும். இரண்டையும் காக்க, அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தார்கள். அரபியின் உயிர்க்குறிகளில் எகரமும் ஒகரமும் இல்லாமையால் அவற்றுக்கும் குறி கண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெருமக்கள் அந்த எழுத்தில் நூல்கள் இயற்றினார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பெண்மக்கள் அதே எழுத்தறிவைக் கொண்டு தமிழையும் படித்தார்கள். கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கணவன்மாரின் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் தாமே படித்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் கடிதத்தைத் தானே படிக்கும் உரிமை எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது நம் பிள்ளைகளின் செய்திகளுக்கு வருவோம். அவர்கள் எண்ணும் இடவில்லை, புள்ளியும் இடவில்லை. ல, ள இரண்டும் ஓரெழுத்து. ர, ற இரண்டும் ஓரெழுத்து. ந, ன, ண மூன்றும் ஓரெழுத்து. குறிலும் நெடிலும் ஒன்றே. பள்ளிக்குப் போனவனும் பல்லிக்குப் போனவனும் ஒருவனாகி விடுகிறான். ழகரத்துக்கு இரண்டெழுத்து இடும் வழக்கம் உண்டாயினும், அவசரத்தில் அதுவும் உதிர்ந்துவிடுகிறது. வகுப்பில் ஒரு நாள் ‘வாப்பாவுக்கு வலி தெரியவில்லை’ என்ற வாக்கியத்தை ஆங்கில எழுத்தில் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். பாதிப் பேர் நோய் தணிந்தது என்றார்கள். மீதிப் பேர் வாப்பா வழி தவறிவிட்டார் என்றார்கள். மருத்துவமனையிலிருந்து வந்தால் ஒரு பொருள், கடைத்தெருவிலிருந்து வந்தால் வேறு பொருள். எழுத்து தானே சொல்ல வேண்டியதைச் சூழ்நிலை சொல்ல வேண்டியிருக்கிறது.

இழப்பு யாருக்கு என்று பார்த்தால் மனம் கனக்கிறது. ஆங்கிலம் அறியாத உம்மம்மா, பேரன் துபாயிலிருந்து அனுப்பிய தமிழைப் படிக்க இயலாமல் அண்டை வீட்டுச் சிறுமியைத் தேடுகிறார். பேரன் எழுதியது தமிழ். அவர் அறிந்ததும் தமிழ். நடுவே நிற்பது எழுத்து. அரபுத்தமிழ் நம் பெண்களுக்குத் தந்த உரிமையை இந்த எழுத்து ஓசையின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இனி, பற்றாக்குறை இன்றும் உண்டா? மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டிலேயே கைபேசியில் தமிழ்ச் செய்தி எழுத வழி திறந்தது. இன்று விலை குறைந்த கைபேசியிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. ஆங்கில விசைகளைத் தட்டினாலும் தமிழாக மாற்றித் தரும் ஏற்பாடும் உண்டு. 2009இல் தோன்றிய வாட்ஸப்பில் ஒரு செய்திக்குள் 65,000 எழுத்துகள் வரை எழுதலாம். எழுத்துக்கு எழுத்து காசு இல்லை. ஆயினும் 160 எழுத்துக் காலத்து நெருக்கடியை நம் விரல்கள் மறக்க மறுக்கின்றன. ஸலாமையே ஆங்கிலத்தின் மூன்று முதலெழுத்துகளாகச் சுருக்கிவிடுகிறார்கள். ஸலாம் என்பது ஒரு துஆ. துஆவின் முதலெழுத்தை மட்டும் அனுப்பினால் பெறுகிறவர் எதற்கு ஆமீன் சொல்வார்?

இவ்விடத்தில் திமிஷ்கின் ஹதீஸ் கலை மேதை இப்னுஸ் ஸலாஹ் (மறைவு 1245) அவர்களை நினைவுகூர்வது பொருந்தும். நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களின் பெயரை எழுதும்போது ஸலவாத்தைக் குறியீடாகச் சுருக்கலாகாது, முழுமையாகவே எழுத வேண்டும் என்று அவர்கள் தம் ‘முகத்திமா’வில் எழுத்தர்களுக்கு அறிவுறுத்தினார்கள். நூலைக் கையால் படியெடுத்த காலம் அது. ஒவ்வொரு சொல்லுக்கும் மையும் தாளும் விரலின் உழைப்பும் செலவாயின. செலவு இருந்த காலத்தில் சுருக்காதே என்றார்கள். செலவே இல்லாத காலத்தில் நாம் சுருக்குகிறோம். இன்றைய கணிப்பொறி எழுத்து முறையாகிய யூனிகோடிலோ முழு ஸலவாத்தும் ஒரே குறியீடாக அமைந்திருக்கிறது. கருவி தாராளமாக இருக்கிறது. கை கஞ்சத்தனம் செய்கிறது.

‘எழுதுவானேன், குரலையே பதிந்து அனுப்பலாமே’ என்பார் உளர். 2013 முதல் வாட்ஸப்பில் அதற்கு வசதி உண்டு; எழுதப் படிக்க அறியாத முதியோர்க்கு அது நல்லதோர் உதவி. ஆனால் குரல் எழுத்துக்குத் துணையாகலாம், ஈடாகாது. எழுதுகிறவன் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறான், திருத்துகிறான், மூத்தோர்க்கு உரிய மரியாதையை இடமறிந்து வைக்கிறான். அப்பயிற்சி குரற்பதிவில் வாராது.

ஆகவே நாம் செய்யத்தக்கது கடினமானதன்று. கைபேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துத் தருவதைப் பிள்ளைகள் தங்கள் பெற்றோர்க்குச் செய்யும் பணிவிடையாகக் கொள்ளட்டும். வீட்டு மூத்தோர்க்கு எழுதும் செய்தியேனும் தமிழெழுத்தில் இருக்கட்டும். ஸலாம் முழுமையாக இருக்கட்டும். கருவி தரும் சொற்களில் வலியா வழியா என்று தேர வேண்டியவர் எழுதுகிறவரே; அந்த அறிவை ஊட்டுவது எம்போன்ற ஆசிரியர்களின் கடன். அரபுத்தமிழுக்குப் புள்ளி கண்டவர்களுக்கு அச்சகமும் இல்லை, கணிப்பொறியும் இல்லை. எழுதுகோலும், படிக்கப் போகிறவர்பால் கொண்ட அக்கறையுமே இருந்தன. அந்த அக்கறையோடு எழுதப்படும் இரண்டு வரிச் செய்தியையும் மடல் என்றே நான் மதிப்பேன்.