விளையாட்டுக் கணிப்பொறி: கையேடுகள் சொல்லாத இயற்பியல்

ஒரு பொருளைக் கடையில் முழுதாக வாங்குவது வேறு. அதன் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டில் நாமே பூட்டுவது வேறு. இன்று கல்லூரி மாணவர் பலர் விளையாட்டுக் கணிப்பொறியை இரண்டாவது வழியில் அடைய விரும்புகின்றனர். அவர்களுக்கு வழிகாட்ட வீடியோக்கள் உள்ளன. கடைக்காரர் எழுதித் தரும் பட்டியல்கள் உள்ளன. உறுப்புகளின் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்ட விவரங்கள் உள்ளன. இம்மூன்றையும் சேர்த்துக் 'கையேடுகள்' என்று இங்கே அழைப்போம். இவற்றை நம்பிப் பணம் போடலாமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற சித்திரை மாதத்தில் இரணியலில் எங்கள் தெருவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். தந்தை கைத்தறி நெசவாளர். தாயார் சீட்டுப் போட்டுச் சேர்த்த அறுபதாயிரம் ரூபாயில் அவன் ஒரு கணிப்பொறியைப் பூட்டியிருந்தான்.

"சாரே, எல்லாம் வீடியோல சொன்ன மாதிரிதான் பூட்டினேன். வெளையாடத் தொடங்கிப் பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சு போவுது. அம்மா மேசை தொடைக்கும்போ பெட்டியில கை பட்டா சுரீருங்குது" என்றான்.

முதற்குறையைக் கேட்டபோது எனக்கு ஆர்வம் உண்டாயிற்று. இரண்டாவதைக் கேட்டதும் அச்சம் உண்டாயிற்று. உடனே பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லிவிட்டு, அவன் பின்பற்றிய கையேடுகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். விடைத்தாள் திருத்துவது போலவே அவற்றைப் படித்தேன்.

நிறைகள்

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுவோம். பத்து உறுப்புகளை எந்த வரிசையில் பொருத்துவது, செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியை மதர்போர்டின் குறியோடு எவ்வாறு இணைத்து வைப்பது, பெட்டிக்குள் வைக்கும் முன்பே இயக்கிச் சோதிப்பது எப்படி என்பனவற்றை வீடியோக்கள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. திருப்புளியைத் தொடவே அஞ்சிய ஒருவனுக்குத் துணிவு தருகின்றன. கைவேலையைப் பொறுத்தவரை இவற்றுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். குறை வேறிடத்தில் உள்ளது. இவை பெரும்பாலும் வேறொரு நாட்டின் காற்றையும் வேறொரு வீட்டின் மின்சாரத்தையும் மனத்தில் கொண்டு ஆக்கப்பட்டவை. அதை நமக்குச் சொல்வதில்லை.

வெப்பம்

குளிர்நாட்டு அறை ஒன்றில் 21° செ. வெப்பநிலையில் ஒரு செயலியைச் சோதிக்கிறார்கள். அது 70° காட்டுகிறது. 'மிக நன்று' என்று தீர்ப்பு வழங்குகிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய எண் 70 அன்று. 70க்கும் 21க்கும் உள்ள வேறுபாடாகிய 49 ஆகும். ஒரே அளவு வெப்பம் ஒரே குளிர்விப்பான் வழியே வெளியேறும்போது, சுற்றுக் காற்றைவிடச் செயலி எவ்வளவு கூடுதலாகச் சூடேறுகிறது என்பது ஏறத்தாழ மாறாத அளவு. சித்திரை மாதப் பிற்பகலில் எங்கள் ஊர் அறையில் 33° இருந்தால், அதே செயலி 82° காட்டும். பெரும்பாலான செயலிகளுக்கு 90° முதல் 100° வரையே உச்ச வரம்பு. அதை நெருங்கியதும் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கொடுத்த காசுக்குரிய வேகம் அங்கே கிடைக்காமற் போகிறது.

பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் அளவும் முழு உண்மையைச் சொல்வதில்லை. இன்டெல் கோர் ஐ5-12400 செயலியில் 65 வாட் என்று காண்கிறோம். அது அடிப்படை அளவு. முழு முடுக்கத்தில் 117 வாட் வரை அது எடுத்துக்கொள்ள அந்நிறுவனமே இடமளித்துள்ளது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600 என்பதிலும் 65 வாட் என்றே உள்ளது. ஆனால் அதைவிடக் கூடுதலாகவும் அது ஏற்கும். இவ்விரண்டாம் எண்களை நிறுவனங்கள் மறைக்கவில்லை. கையேடுகள்தாம் எடுத்துச் சொல்வதில்லை.

கணிப்பொறி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. 400 வாட் எடுக்கும் பெட்டி, அறையினுள் வைத்த 400 வாட் அடுப்புக்குச் சமம். உள்ளே வரும் காற்று 10° மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமானால் எவ்வளவு காற்றுத் தேவை? காற்றின் வெப்ப எண் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1,000 ஜூல். எனவே விநாடிக்கு 0.04 கிலோகிராம், அதாவது சுமார் 35 லிட்டர் காற்று ஓட வேண்டும். இக்கணக்கை மேல்நிலைப் பள்ளி மாணவரே செய்யலாம். செய்து பார்த்தவர், முன்புறம் முழுக் கண்ணாடியிட்டு மூடி உள்ளே வண்ண விளக்கெரியும் பெட்டியை வாங்கத் தயங்குவார். எங்கள் மாணவன் வாங்கியிருந்தது அத்தகைய பெட்டியே. காற்றுக்கு விரல் நுழையும் இடுக்குகள் மட்டுமே இருந்தன.

மின்னாற்றல்

கடைக்காரரின் பட்டியலில் பணத்தின் பெரும்பகுதி கிராபிக்ஸ் அட்டைக்குப் போயிருந்தது. திரையில் தோன்றும் படத்தைக் கணித்து வரைவது அதுவே. பட்டியலின் கடைசி வரியில் 'பவர் சப்ளை 500 வாட்' என்று மட்டும் இருந்தது. யார் செய்தது என்றுகூட இல்லை. வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் உறுப்பு இது. செயலியும் கிராபிக்ஸ் அட்டையும் தமக்கு வேண்டியதை 12 வோல்ட் வழியிலேயே பெறுகின்றன. அவன் வாங்கிய பவர் சப்ளையின் பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 25 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருந்தது. 12 × 25 = 300 வாட். எஞ்சிய 200 வாட், யாரும் அவ்வளவாகக் கேட்காத மற்ற வழிகளின் கூட்டுத் தொகை!

செயலி 88, கிராபிக்ஸ் அட்டை 170, விசிறிகளும் பிறவும் சுமார் 40. மொத்தம் 298 வாட். கிராபிக்ஸ் அட்டையோ சில மில்லி விநாடிகளுக்குத் தன் சராசரியைவிட மிகக் கூடுதலாக இழுக்கும் இயல்புடையது. பத்து நிமிடத்தில் கணிப்பொறி அணைந்ததில் வியப்பில்லை. தீப்பிடிக்காமல் அணைந்ததே நற்பேறு.

'80 பிளஸ்' என்ற முத்திரை இருந்தால் போதும் என்று சில வீடியோக்கள் கூறுகின்றன. 2004இல் தோன்றிய இத்தரச்சான்று திறனை அளப்பது. 400 வாட் தர ஒன்று 500 வாட்டும், மற்றொன்று 444 வாட்டும் சுவரிலிருந்து எடுத்தால் பின்னது சிறந்தது. நாள்தோறும் மூன்று மணி நேரம் விளையாடினால் மாதத்திற்கு 5 யூனிட் மிச்சம். நல்லதுதான். ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும் குறுக்குச்சுற்று ஏற்படும்போதும் அது தன்னையும் பிறவற்றையும் காக்குமா என்பதை அம்முத்திரை சொல்லாது. அச்சோதனை நடப்பதும் 23° அளவிலான அறையில். திறனுக்கான சான்றைப் பாதுகாப்புக்கான சான்றாகக் காட்டுவது பிழை.

விலை உயர்ந்ததை வாங்கினால் தொல்லை இல்லை என்பதும் உண்மையன்று. 2022 அக்டோபரில் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டை 450 வாட் எடுப்பது. 12 வோல்ட்டில் இது 37.5 ஆம்பியர், ஆறு ஊசிகள் பகிர்ந்தால் ஊசிக்கு 6.25 ஆம்பியர். சிலருடைய கணிப்பொறிகளில் அந்த இணைப்பி உருகியது. இணைப்பியை முழுவதுமாக அழுத்திச் செருகாததே பொதுவான காரணம் என்று அந்நிறுவனம் கூறியது; பின்னர் 2023இல் இணைப்பியின் அமைப்பே திருத்தப்பட்டது. ஆறு ஊசிகளில் இரண்டு மட்டும் சரியாகத் தொட்டால் அவ்விரண்டிலும் மின்னோட்டம் மூன்று மடங்காகும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் ஒன்பது மடங்காகும். ஜூல் விதி விலையைப் பார்ப்பதில்லை.

எர்த்

இனிப் பெட்டி சுரீரென்றதற்கு வருவோம். ஏறத்தாழ எல்லா வீடியோக்களும் நிலைமின்னைப் பற்றி நெடுநேரம் எச்சரிக்கின்றன: கம்பளத்தின் மேல் நிற்காதே, மணிக்கட்டில் பட்டை அணி என்றெல்லாம். வறண்ட குளிர்காலமும் கம்பளம் விரித்த தரையும் உள்ள நாட்டில் இது மிக முக்கியம். கடற்காற்றின் ஈரத்தில், சிமென்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் எங்களூர்ப் பையனின் உடலில் மின்னூட்டம் அவ்வளவு எளிதில் சேராது. எச்சரிக்கை வீணன்று. ஆனால் நம் வீடுகளில் அதனினும் பெரிய ஆபத்தான எர்த் இல்லாமையைப் பற்றி அவன் பார்த்த எந்த வீடியோவிலும் ஒரு சொல்கூட இல்லை.

பவர் சப்ளையின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரு சிறு மின்தேக்கிகள் உள்ளன. ஒன்று லைன் கம்பியிலிருந்தும் மற்றொன்று நியூட்ரல் கம்பியிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இணைந்திருக்கும். பெட்டி எர்த்தோடு சேர்ந்திருந்தால் கசியும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையேல் பெட்டி இரண்டுக்கும் நடுவே, 230 வோல்ட்டில் பாதியாகிய 115 வோல்ட் அளவில் நிற்கும். கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாதலால் சுரீரென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் என்றேனும் உள்ளே காப்புறை பழுதாகி லைன் கம்பியே பெட்டியைத் தொட்டால், ஈரக் கையோடு மேசை துடைக்கும் தாயின் உடலே மண்ணுக்குச் செல்லும் வழியாகும். ஐப்பசி இடிமழையில் பயன்படும் என்று வாங்கும் மின்காப்புப் பலகையும் எர்த் இல்லாவிடில் தன் கடமையை முழுமையாகச் செய்ய இயலாது.

சோதித்ததில், சுவர்ச் சாக்கெட்டின் மூன்றாம் துளை வெறும் துளையாகவே இருந்தது. வயர்மேன் ஒருவர் வந்து எர்த் குழியிலிருந்து கம்பி இழுத்து, கசிவு கண்டால் அணைக்கும் ஈ.எல்.சி.பி.யும் வைத்துக் கொடுத்தார். மாணவர்கள் இவ்வேலையைத் தாமே செய்ய முற்படலாகாது. பவர் சப்ளையைத் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

விநாடிக்கு எத்தனை படம்?

கையேடுகள் மிகவும் போற்றும் எண் விநாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை. '200 படம் வரும்' என்று கேட்டு அவன் அந்த அட்டையை வாங்கினான். ஆனால் அவனது திரை விநாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிப்பது. அட்டை 200 வரைந்தாலும் கண்ணுக்கு 60க்கு மேல் புதுப்படம் வாராது. மேலும் இவை சராசரிகள். ஒரு விநாடியில் 59 படங்கள் முதல் அரை விநாடியிலேயே வந்து, கடைசிப் படம் அரை விநாடி தாமதித்தாலும் சராசரி 60 தான். ஆட்டமோ திக்கித் திணறும். சராசரியோடு மிகத் தாமதமான படத்தின் நேரத்தையும் கேட்பவரே அறிந்து வாங்குபவர்.

பூட்டுதலும் ஆக்குதலும்

வீடியோக்கள் இறுதியில் 'நீங்களே ஒரு கணிப்பொறியை உருவாக்கிவிட்டீர்கள்' என்று பாராட்டுகின்றன. நம் நாட்டில் உண்மையிலேயே உருவாக்கியவர்கள் உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1954இன் இறுதியில் ஒரு சிறு குழு இப்பணியைத் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன். அவர் நீங்கலாக அக்குழுவினர் அதற்குமுன் கணிப்பொறியைப் பயன்படுத்தியவர்கள் அல்லர். 1956இல் முன்மாதிரி இயங்கியது; 1960இல் முழுப்பொறி இயங்கியது; 1962இல் பிரதமர் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயரிட்டார். அதில் சுமார் 2,700 வெற்றிடக் குழல்கள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 மின்தடைகள் இருந்தன. அது முடிவதற்குள் வெளிநாடுகளில் டிரான்சிஸ்டர் பொறிகள் வந்துவிட்டன. ஆயினும் முயற்சி வீணாகவில்லை. பொறியோடு அதை அறிந்த மனிதர்களும் உருவாயினர்.

நம் மாணவன் செய்தது பூட்டுதல். அதுவும் இழிவன்று. பூட்டும்போது எத்தனை கேள்வி எழுந்தது என்பதே அதன் மதிப்பு. பழைய பவர் சப்ளையைக் கடையில் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. தாயார் வேறு செலவைத் தள்ளிவைத்து மற்றொன்று வாங்கக் கொடுத்தார். பொடி எழுத்து அட்டவணையை ஒரு நிமிடம் படித்திருந்தால் அப்பணம் மிஞ்சியிருக்கும். பெட்டியின் முன் கண்ணாடியைக் கழற்றிக் கம்பி வலை பொருத்தினோம். செயலியின் வெப்பநிலை 9° குறைந்தது. அதை அவனே நாள்தோறும் அறை வெப்பத்தோடு சேர்த்துக் குறித்து வரைபடம் வரைந்து கொண்டுவந்தான். நான் நடத்திய வெப்பவியல் பாடம் எதுவும் அவனை அவ்வளவு தூரம் கொண்டு சென்றதில்லை.

எனவே முதன்முதலாகப் பூட்ட விரும்புவோர் வீடியோவைப் பார்க்கட்டும். கைவேலையை அதனிடம் கற்கட்டும். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளை மட்டும் தாமே கேட்டுக்கொள்ளட்டும். என் அறையின் வெப்பநிலை என்ன? பவர் சப்ளையின் 12 வோல்ட் வழியில் எத்தனை ஆம்பியர்? என் திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிப்பது? என் சுவர்ச் சாக்கெட்டில் எர்த் உண்டா? கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை வேறெதையும் வாங்க வேண்டாம்.