படுக்கையின் விலை

ஜார்ஜ் ஆர்வெல் பிறந்தது நம் நாட்டில்தான். பீகாரைச் சேர்ந்த மோதிஹாரியில், 1903-ல். பர்மாவில் போலீஸ் உத்தியோகம் பார்த்தார். பிறகு அதை உதறிவிட்டுப் பாரிஸிலும் லண்டனிலும் பஞ்சைப் பராரிகளோடு பராரியாகக் கிடந்தார். அந்த அனுபவத்தை 1933-ல் புத்தகமாக வெளியிட்டார். நம் வாசகர்கள் அவரை 'விலங்குப் பண்ணை'க்காகத்தான் அறிவார்கள். எனக்கு என்னவோ இந்த முதல் புத்தகத்தின் மேல்தான் பிரியம் அதிகம். இதிலே கண்ணீர் கம்மி, கணக்கு ஜாஸ்தி.

லண்டனில் வீடில்லாதவன் ராத்திரி எங்கே தலையைச் சாய்ப்பது? ஆர்வெல் ஒரு விலைப் பட்டியலே தருகிறார். கையில் காசே இல்லையென்றால் தேம்ஸ் நதிக்கரை பெஞ்சு. இரண்டு பென்னி இருந்தால் நீளமான பெஞ்சில் வரிசையாக உட்காரலாம். முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதன்மேல் சாய்ந்துகொண்டே தூங்க வேண்டியது. காலை ஐந்து மணிக்கு ஒருவன் வந்து கயிற்றை அறுத்துவிடுவான். நாலு பென்னிக்கு, சவப்பெட்டி போல் ஒரு மரப்பெட்டி, போர்த்திக்கொள்ளத் தார்ப்பாய். ஏழு பென்னியிலிருந்து தங்கும் விடுதிகள் ஆரம்பமாகின்றன. அழுக்கும் இருமலும் அங்கே இலவசம். ஒரு ஷில்லிங் கொடுக்க முடிந்தவனுக்கு ரௌட்டன் பிரபுவின் பெயரால் நடந்த விடுதியில் தனித் தடுப்பும் நல்ல குளியலறையும் உண்டு. ஒரு மனிதனின் மானம் இரண்டு பென்னிக்கும் ஒரு ஷில்லிங்குக்கும் நடுவே எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்று காட்ட இதைவிட வேறு வர்ணனை வேண்டியதில்லை.

அவருக்கு முன்பே, 1902-ல், அமெரிக்கரான ஜாக் லண்டன் கந்தல் உடுத்திக்கொண்டு கிழக்கு லண்டனுக்குள் புகுந்து பார்த்தார். படுக்கவிடாமல் போலீஸ்காரன் விரட்ட, விடிய விடிய நடந்துகொண்டே இருக்கும் ஜனங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது நெஞ்சைப் பிடிக்கிறது. ஆனால் நாலு பக்கத்துக்கு ஒரு முறை மேடை ஏறிவிடுகிறார். அதே வருஷம் கார்க்கி ஓர் இராத் தங்கல் விடுதியையே நாடகமாக்கினார். அதில் வருகிறவர்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், அப்படிப் பேசுகிறார்கள்!

இந்தப் புத்தகங்களை நான் மறுபடி எடுத்துப் புரட்டியது ராணிப்பேட்டைச் செய்திக்குப் பிறகு. 2015 ஜனவரி 31-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் கழிவைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்த தொழிலாளர்கள் மீது கழிவுச் சேறு பாய்ந்தது. இறந்தவர்கள் பத்துப் பேர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எப்படி இடிந்தது, யார் பொறுப்பு என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. எழுத வேண்டியதுதான். நாவலாசிரியனுக்கு முந்திக்கொண்டு வரும் கேள்வி வேறு: அவர்கள் ஏன் அங்கே படுத்திருந்தார்கள்?

பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் சீமைக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. ஆவாரம் பட்டையில் பதமான தென்னாட்டுத் தோல் முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் பூட்ஸாகி நடந்தது. அந்தக் காலத்துத் தொழிலாளி பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் சேரிக்காரன். பகலெல்லாம் சுண்ணாம்புக் குழியில் நின்றாலும் இரவில் குனிந்து நுழைய ஒரு குடிசை இருந்தது. டி. செல்வராஜின் 'தோல்', திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதன் உயிர் குழியிலும் கொடுமையிலும் சங்கத்திலும் இருக்கிறது. பெரிய முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் அது பகலின் நாவல். உள்ளூர்க்காரனைப் பற்றி எழுதும்போது, படுக்கை என்ன விலை என்று கேட்க வேண்டிய அவசியம் ஆசிரியருக்கு நேரவில்லை. சென்னைப் பிளாட்பாரத்து மனிதர்களை ஜெயகாந்தன் நம் வீட்டுக் கூடத்துக்கே அழைத்து வந்தார். அவர்களுக்குப் பிளாட்பாரமே குடித்தனம்.

"நமக்கு லண்டன் மாதிரி விடுதி எதற்கு? திண்ணையும் சத்திரமும் இருந்த தேசம் அல்லவா இது?" என்று பெருமையாகக் கேட்பவர்கள் உண்டு. இருந்தன; யாருக்கு? தோல் உரித்தவனும் பதனிட்டவனும் எந்த அக்கிரகாரத்துத் திண்ணையில் படுத்தான்? பல சத்திரங்களில் பசிக்கு முன்னால் ஜாதியைத்தான் விசாரித்தார்கள். ஆர்வெல் காட்டும் விடுதி நாற்றம் பிடித்ததுதான், ஈவிரக்கமற்றதுதான். ஆனாலும் ஏழு பென்னியை வைத்துவிட்டால் எந்தக் குலம் என்று அங்கே கேட்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நம்மில் ஒருவர் அந்தப் புத்தகத்துக்குப் பதில் புத்தகம் எழுதியிருக்க வேண்டும்.

விஷயம் இல்லாமலா? வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். சி. எம். சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜுக்கு மேல் லாட்ஜ். வாசல் பலகைகளில் வங்காளி எழுத்து. நோயாளியை அழைத்துக்கொண்டு வந்த குடும்பம் அங்கே அறை எடுத்து, மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருக்கிறது. கைக்குத் தக்கபடி அறை. அறைக்குத் தக்கபடி வாடகை. ஆர்வெலின் பட்டியலைப் போலவே இதையும் எழுதிவிடலாம். அதே பாஷை பேசுகிற இன்னொருவன், கொஞ்ச தூரத்தில் இருக்கும் ராணிப்பேட்டையில், ஈரத் தோலின் வாடைக்கு நடுவே படுத்துக்கொள்கிறான். அவன் படுக்கைக்கு வாடகை கிடையாது.

இருவருமே வந்து இறங்குவது காட்பாடி ஜங்ஷனில், சமயத்தில் ஒரே ரெயிலிலிருந்துகூட. நம் இளம் நாவலாசிரியர் ஒருவர் அந்தப் பிளாட்பாரத்தில் நின்று, மூட்டையோடு இறங்கும் இரண்டாவது ஆளின் பின்னாலேயே போகட்டும். அவனை யார் கூட்டிப் போனார்கள், எதன் மேல் படுக்கச் சொன்னார்கள், கதவை உள்ளே பூட்டினார்களா வெளியே பூட்டினார்களா என்று பார்த்து எழுதட்டும்.