அவசரத்தில் அமைந்த அரசு: கிழக்குத் திமோரும் ஐ.நா. நிர்வாகமும்

பகைத் தரப்புகளுக்கிடையே படையை நிறுத்திச் சண்டை மீண்டும் மூளாமல் தடுப்பது அமைதிகாப்பு எனவும், சண்டைக்கு வித்திட்ட நிலைமைகளை மாற்றிக் காவல், நீதி, ஆட்சி ஆகியவற்றை வேரூன்றச் செய்வது அமைதியாக்கம் எனவும் வழங்கப்படும். இவ்விரு பணிகளையும் ஐ.நா. ஒருசேர ஏற்று, ஒரு நாட்டையே ஆண்ட இடம் கிழக்குத் திமோர்.

இந்தோனேசிய ஆட்சியின்கீழ் இருந்த அங்கு 1999 ஆகஸ்ட் 30இல் நடந்த வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவின் தன்னாட்சித் திட்டத்தை நிராகரித்து விடுதலையின் பக்கம் நின்றதும், இந்தோனேசியப் படையின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. வாக்கெடுப்பின் பாதுகாப்பை இந்தோனேசியாவிடமே ஒப்படைத்த மே மாத உடன்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. செப்டம்பர் 20இல் ஆஸ்திரேலியா தலைமையிலான பன்னாட்டுப் படை இறங்கிய சில வாரங்களில் கொலைகள் பெரிதும் அடங்கின என்பதை எந்தத் திறனாய்வாளரும் மறுக்க இயலாது. இந்தோனேசிய அரசு இசைவு தந்த பின்னரே படை புறப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது.

அக்டோபர் 25இல் பாதுகாப்புக் கவுன்சில் நிறைவேற்றிய 1272ஆம் தீர்மானம் சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களையும் செர்ஜியோ வியெய்ரா டி மெலோ தலைமையிலான இடைக்கால நிர்வாகத்திடம் அளித்தது. திமோரியர்கள் தொடக்கத்தில் ஆலோசனை கூறுவோராகவே அமர்த்தப்பட்டனர். எல்லா அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்திருந்தும், 2002 மே 20இல் விடுதலையை அறிவித்துப் பொறுப்பைக் கைமாற்ற வேண்டிய காலநெருக்கடி அந்நிர்வாகத்தை விரட்டிக்கொண்டே இருந்தது.

அந்த அவசரத்தின் விலை பாதுகாப்புத் துறையில் தெரிந்தது. இந்தோனேசிய ஆட்சியை எதிர்த்து இருபத்துநான்கு ஆண்டுகள் காடுகளில் போராடிய ஃபாலிந்தில் கெரில்லாக்களில் ஏறத்தாழ 650 பேர் மட்டும் 2001இல் புதிய இராணுவத்தில் சேர்க்கப்பட, எஞ்சியோர் மறுவாழ்வு உதவியுடன் வெளியேற நேர்ந்தது. காவல்துறையோ, இந்தோனேசியக் காவலில் பணியாற்றிய சில நூறு பேரையும் உள்ளடக்கி, பல நாட்டு அலுவலர்கள் தத்தம் முறைப்படி அளித்த பயிற்சியால் தனியே உருவானது. இரண்டு படைகள், இரண்டு விசுவாசங்கள். இரண்டையும் கட்டுப்படுத்த வலுவான அமைச்சகம் இல்லை. 2005இல் அமைதிப்படை விலகிச் சிறியதோர் அலுவலகமே எஞ்சிய நிலையில், 2006இல் மேற்கு மாவட்டத்தினர் என்பதால் பாகுபாடு காட்டப்படுவதாக முறையிட்ட ஏறத்தாழ 600 வீரர்கள் நீக்கப்பட்டனர். இராணுவமும் காவல்துறையும் தலைநகர் டிலியில் மோதிக்கொண்டன. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்து முகாம்களிலும் உறவினர் இல்லங்களிலும் தங்கினர். ஐ.நா. மீண்டும் வந்து 2012 இறுதிவரை தங்க நேர்ந்தது. தேர்தல் நடத்தி ஆட்சியை ஒப்படைப்பதையே வெளியேறும் வாயிலாகக் கருதியதே இம்முயற்சியின் பெருங்குறை. நிதி, ஆள் பற்றாக்குறை அதற்கு அடுத்தபடியே.

நீதித்துறையில் கிடைத்த பயன் கலப்பானது. 1999 வன்முறையின் கடுங்குற்றங்களுக்காக ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய விசாரணைப் பிரிவு 391 பேர்மீது குற்றம் சாட்டியது. அவர்களுள் 300க்கும் மேற்பட்டோர் இந்தோனேசியாவில் இருந்ததால், 84 பேரே தண்டனை பெற்றனர். மாறாக, கடந்தகால வன்முறைகளை ஆராய அமைந்த உண்மை ஆணைக்குழு பாய் விரித்துப் பெரியோர் முன்னிலையில் பிணக்குத் தீர்க்கும் ஊர் மரபைக் கைக்கொண்டு, தீவைப்பு, திருட்டு போன்ற சிறு குற்றங்களை விசாரித்தபோது, 1,300க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரியும் பொதுப்பணி செய்தும் ஊரோடு மீண்டும் சேர்ந்தனர். ஆனால் அந்தப் பாயில் அமர்ந்தோர் பெரும்பாலும் ஏவப்பட்ட அடித்தட்டு ஆட்களே. ஏவியோர் எல்லைக்கு அப்பால் விசாரணையின்றியே இருந்தனர்.