கொட்டுக்காளி: பார்வையாளர்கள் பிரிந்த இடம்

கொட்டுக்காளி பி.எஸ். வினோத்ராஜ் எழுதி இயக்கிய தமிழ்த் திரைப்படம். சூரி, அன்னா பென் இருவரும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். நடிகர் சிவகார்த்திகேயனின் நிறுவனம் தயாரித்தது. 2024 பிப்ரவரியில் பெர்லின் சர்வதேசத் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 2024 ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குகளில் வெளியானது. பின்னணி இசை இல்லாமல், நீண்ட காட்சிகளுடன் மெதுவாக நகர்ந்து, முடிவைச் சொல்லாமல் நின்றுவிடும் இப்படம் பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்தது. தமிழ் சினிமாவின் துணிச்சலான முயற்சி என்று ஒரு சாரார் கொண்டாடினர். படத்தில் எதுவும் நடக்கவில்லை என்று மற்றொரு சாரார் சலித்துக்கொண்டனர்.

கதை

மீனாவைப் பாண்டிக்கு மணம் முடித்துவைப்பது குடும்பத்தின் முடிவு. மீனா, குடும்பம் தங்களைவிடத் தாழ்ந்ததாகக் கருதும் சாதியைச் சேர்ந்த ஓர் இளைஞனை விரும்புகிறாள். அவள் வாய் திறப்பதில்லை, பிடிவாதம் தளர்வதுமில்லை. அவளுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பும் உறவினர்கள், குலதெய்வத்தை வணங்கிவிட்டுப் பேயோட்டும் சாமியாரிடம் அவளை அழைத்துச் செல்கின்றனர். பெண்கள் ஆட்டோவிலும் ஆண்கள் இருசக்கர வாகனங்களிலும் செல்கின்றனர். பலிகொடுக்க ஒரு சேவலும் உடன் வருகிறது. ஒரு பகல்பொழுதில் நிகழும் இந்தப் பயணமே முழுப் படமும்.

வழியில் ஒலிபெருக்கியில் கேட்கும் திரைப்பாடல் ஒன்றை மீனா முணுமுணுக்கிறாள். அதைக் கண்ட பாண்டி வெறிகொண்டு அவளை அடிக்கிறான். தடுக்க வரும் பெண்களும் அடிவாங்குகின்றனர். பின்னர் சாமியாரின் இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நடக்கும் சடங்கைப் பாண்டி பார்க்கிறான். சடங்கின் பெயரால் அவள் உடல் தொடப்படும் விதம் அவனைக் குலைக்கிறது. அடுத்தது மீனாவின் முறை. அவன் என்ன செய்தான் என்று காட்டாமல் படம் முடிகிறது.

வெளியீட்டுச் சூழல்

வினோத்ராஜின் முதல் படமான கூழாங்கல் 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் விருதுக்கும் அனுப்பப்பட்டது. ஆயினும் அது 2023-ல் நேரடியாக இணையத் தளத்திலேயே வெளியானது. அதைத் தேடிப் பார்த்தவர்கள் எத்தகைய படம் என்று முன்பே அறிந்திருந்தனர்.

கொட்டுக்காளியின் நிலை வேறு. வெண்ணிலா கபடிக்குழு (2009) படத்தின் பரோட்டாக் காட்சியால் நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட சூரி, விடுதலை முதல் பாகம் (2023), கருடன் (2024) ஆகியவற்றுக்குப் பிறகு கதாநாயகனாக ஏற்கப்பட்டிருந்தார். அவரை நம்பி வந்தவர்கள் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவை அறிந்திருக்க வேண்டியதில்லை. அதே நாளில் மாரி செல்வராஜின் வாழையும் வெளியானது. அதுவும் நெல்லைப் பகுதியின் உழைக்கும் மக்களைப் பற்றிய துயரக் கதை. ஆனால் அது துயரத்தை இசையோடும் பாடலோடும் பெருக்கி, அழுது முடிக்க இடம் கொடுத்தது. திரளான பார்வையாளர்கள் வாழையின் பக்கம் சென்றனர்.

விழாக்களில் விருது பெற்ற இத்தகைய படத்தைத் திரையரங்கில் வெளியிட்டிருக்க வேண்டியதில்லை என்று இயக்குநர் அமீர் வெளிப்படையாகப் பேசியது விவாதத்தை வளர்த்தது. பணம் கொடுத்து நுழையும் பொதுப் பார்வையாளருக்கு அது உகந்ததல்ல என்பதே அவர் வாதத்தின் சாரம். இதற்கு எதிர்நிலையில் இருந்தவர்கள், சலிப்புற்றவர்களை ரசனை இல்லாதவர்கள் என்றனர்.

இரு தரப்பின் பிழை

மெதுவான படத்தைக் கண்டு பொறுமை இழப்பது தமிழ்ப் பார்வையாளருக்கு மட்டும் உரிய குறை அல்ல. அந்தோனியோனியின் லவென்துரா 1960-ல் கான் விழாவில் கூச்சலிட்டு எள்ளப்பட்டது. அதே விழாவில் நடுவர் பரிசையும் பெற்றது. மெக்சிகோவின் கார்லோஸ் ரெய்காதாஸ் இயக்கிய போஸ்ட் தெனெப்ராஸ் லக்ஸ் 2012-ல் அதே கான் விழாவில் விமர்சகர்களின் எதிர்ப்பொலிகளுக்கு ஆளானது. ஆனால் சிறந்த இயக்குநருக்கான விருது அவருக்கே வழங்கப்பட்டது. உலக சினிமாவிலேயே ஊறியவர்களும் இத்தகைய படங்களின் முன் பிரிந்தே நின்றிருக்கின்றனர். எனவே சலிப்பைக் கல்வியின்மை என்று ஒதுக்குவது எளிய தப்பித்தல்.

மறுபக்கம், எதுவும் நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் படத்தை எதிர்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் விருப்பத்தை முறிப்பதற்காக ஒரு குடும்பமே கூடி அவளைக் கொண்டுசெல்கிறது. அதைவிடப் பெரிய நிகழ்ச்சியை ஒரு கதையில் எதிர்பார்க்க முடியாது. படத்தில் இல்லாதது நிகழ்ச்சிக்கான அறிவிப்பு. எங்கே பதற்றம் கொள்ள வேண்டும், யாருக்காக இரங்க வேண்டும் என்று வழக்கமாக இசை சொல்லித்தரும். இங்கே இசை இல்லை. ஆட்டோவின் இரைச்சலும் காற்றும் உறவினர்களின் பேச்சும் மட்டுமே கேட்கின்றன. குடிதண்ணீர், வழி, செலவு என்று பேச்சு நீள்கிறது. அந்த இயல்புத்தன்மையே படத்தின் கொடுமை. இவர்கள் கொடூரர்களாகத் தோன்றுவதில்லை, ஒரு விசேஷத்துக்குப் போகும் சொந்தக்காரர்களாகவே தெரிகின்றனர்.

சாலையை மறித்து நிற்கும் காளையின் காட்சி இதற்கு எடுத்துக்காட்டு. வழியெல்லாம் வீராப்பு காட்டிய ஆண்கள் அதன் முன் செயலற்று நிற்கின்றனர். ஒரு சிறுமி வந்து அதை எளிதாகக் கூட்டிச்செல்கிறாள். இக்காட்சியைச் சுருக்கியிருந்தால் நகைச்சுவைத் துணுக்காக முடிந்திருக்கும். நீட்டியதனால் அந்த ஆண்களின் வலிமை எதன்மேல் மட்டும் செல்லுபடியாகும் என்பதை எண்ணப் பார்வையாளருக்கு நேரம் கிடைக்கிறது.

குழித்துறையிலிருந்து பார்க்கையில்

இந்த விவாதத்தை இரு திரைப்பண்பாடுகளின் எல்லையில் வைத்துப் பார்க்கலாம். விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடமான குழித்துறை, 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த பகுதியைச் சேர்ந்தது. சென்னை 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, திருவனந்தபுரம் சுமார் 40 கிலோமீட்டரில் உள்ளது. அங்கே அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996 முதல் நடைபெறுகிறது. மலையாளமும் தமிழும் புழங்கும் இப்பகுதியின் பார்வையாளர் இரு வகைப் படங்களையும் அயலாக உணர்வதில்லை.

அத்தகைய பார்வையாளருக்கு அன்னா பென்னின் மௌனம் கூடுதல் கனம் கொண்டது. கும்பளங்கி நைட்ஸ் (2019) படத்தில் தன் காதலைத் தானே பேசித் தீர்மானிக்கும் துடுக்கான பேபி மோளாக அறிமுகமானவர் அவர். அதே ஆண்டில் வெளிவந்த ஹெலன் படத்தில் உயிருக்குப் போராடும் பெண்ணாகப் பெரும்பகுதியைத் தனியே தாங்கினார். கொட்டுக்காளியில் அவருக்கு ஏறத்தாழ வசனமே இல்லை. பேசத் தெரிந்த முகம் ஒன்று பேச மறுப்பதை அவரது மலையாளப் படங்களைப் பார்த்தவர்கள் உடனே உணர்வார்கள்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் நண்பகல் நேரத்து மயக்கம் இங்கு ஒப்பிடத்தக்கது. 2022 டிசம்பரில் கேரள விழாவில் பார்வையாளர் வாக்களிப்பு விருதைப் பெற்ற படம் அது. அதுவும் தமிழ்க் கிராமத்தில் நிகழ்கிறது, அதுவும் மெதுவானது, தனிப் பின்னணி இசை அதிலும் இல்லை. ஆனால் வீடுகளின் தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் பழைய தமிழ்ப் பாடல்களும் வசனங்களும் ஓயாமல் ஒலிக்கின்றன. மம்மூட்டியின் இருப்பும் துணையாகிறது. நிதானத்தைத் தாங்கிக்கொள்ள அது பார்வையாளருக்கு ஒரு நிழல் தருகிறது. கொட்டுக்காளி அந்த நிழலைத் தர மறுக்கிறது. அதில் ஒலிக்கும் ஒரே பாடலும் அடியில் முடிகிறது. மெதுவான படங்கள் அனைத்தையும் ஒரே வகையாகக் கருதி ஏற்பதும் தள்ளுவதும் பொருளற்றது என்பதை இவ்விரு படங்களும் காட்டுகின்றன.

குறைகள்

படத்தின் மீது வைக்கத்தக்க வலுவான விமர்சனம் வேகத்தைப் பற்றியது அல்ல, பார்வைக்கோணத்தைப் பற்றியது. படத்தின் பெயர் மீனாவைக் குறிக்கிறது. கொட்டுக்காளி என்றால் பிடிவாதக்காரி. ஆனால் இறுதியில் மாற்றத்துக்கான வாய்ப்பு பாண்டிக்கே அளிக்கப்படுகிறது. அவளை அடித்தவனின் மனம் அசைவதே உச்சமாகிறது. மீனாவின் மௌனம் எதிர்ப்பாகத் தொடங்கி, முடிவில் பிறர் எடுக்கும் முடிவுக்குக் காத்திருக்கும் நிலையாகிவிடுகிறது. அவள் விரும்பிய இளைஞனைப் பற்றியும் பார்வையாளர் அறிவது மிகக் குறைவு. சாதி இந்தக் கதையின் அச்சாக இருந்தும், அது உறவினர்களின் பேச்சில் தெறித்து மறைகிறது.

இதற்கு ஒரு மறுமொழியும் உண்டு. மீனாவைப் போன்ற ஒருத்தியின் வாழ்க்கையில் முடிவெடுக்கும் இடத்தில் அவளை யாரும் வைத்திருக்கவில்லை என்பதே உண்மை. அதைப் படம் அழகுபடுத்தவில்லை. எனினும், உண்மையைக் காட்டுவதும் அதே உண்மையின் பார்வைக்கோணத்தை ஏற்பதும் ஒன்றல்ல. கொட்டுக்காளி இவ்விரண்டுக்கும் இடையே முழுமையாகத் தீர்வு காணவில்லை.

மதிப்பீடு

திரையரங்கு யாருக்கு உரியது என்ற கேள்வியாகவே இப்படத்தின் விவாதம் பெரும்பாலும் நடந்தது. அக்கேள்விக்கு வசூலைக்கொண்டு விடை சொல்ல முடியாது. சூரியின் படம் என்று வந்து ஏமாந்தவரின் எரிச்சல் நியாயமானது. விளம்பரம் அவருக்கு எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பது தயாரிப்பாளர்கள் எண்ணிப்பார்க்க வேண்டியது. ஆனால் அந்த எரிச்சலை முன்வைத்து இத்தகைய படங்கள் திரையரங்குக்கே வரக்கூடாது என்று தீர்மானித்தால், அடுத்த பார்வையாளருக்கு அதைக் கண்டடையும் வாய்ப்பே இல்லாமல் போகும். சினிமாவை அறிய விரும்பும் இளைஞர் ஒருவருக்கு விழா நுழைவுச்சீட்டு எளிதில் கிடைப்பதில்லை. பக்கத்து ஊர்த் திரையரங்கே அவருக்குக் கிடைக்கும் முதல் திரைப்படச் சங்கம்.

முடிவைச் சொல்லாமல் விட்டது குறித்தே அதிகம் பேர் கோபம் கொண்டனர். பாண்டி திரும்பிப் போனான் என்று அறிந்திருந்தால் நிம்மதி கிடைத்திருக்கும். மீனாவைச் சாமியாரிடம் ஒப்படைத்தான் என்று அறிந்திருந்தால் அவனை வெறுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். இரண்டுமே பார்வையாளரை விடுவிக்கும் முடிவுகள். படம் அந்த விடுதலையை மறுத்ததனால்தான், பிடித்தவரும் பிடிக்காதவரும் மீனாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே வெளியேற நேர்ந்தது.