பிரட்டுக்களமும் ஒற்றை வரிசையும்

கொடகவெலப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் வளர்ந்தவன் நான். ஐபிஎம் 1988இல் கொண்டுவந்த ஏஎஸ்/400 கணினியில் வேலைகள் எப்படிப் பிரிந்து போகின்றன என்று கொழும்பில் பாடம் கேட்டபோது, எனக்கு ஞாபகம் வந்தது பிரட்டுக்களம்தான். விடியற்காலையில் அங்கே ஆட்களைக் கூட்டி, இவர்கள் கொழுந்துக்கு, அவர்கள் கவ்வாத்துக்கு, மற்றவர்கள் கான் வெட்டுக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். கணினியிலும் ஏறக்குறைய அதே சங்கதிதான். பின்னணியில் ஓட அனுப்பும் வேலை முதலில் ஒரு 'ஜாப் க்யூ'வில் போய் நிற்கும். அங்கிருந்து அதை எடுத்து ஓட்டுவது 'சப்சிஸ்டம்'.

இந்த ஏற்பாட்டின் பெருமையை மாதக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். திரையில் தட்டுபவரின் வேலைக்கு ஓட்ட முன்னுரிமை 20, பின்னணி வேலைக்கு 50. எண் சிறியதென்றால் முந்தும். பெரிய அறிக்கை உள்ளே ஓடிக்கொண்டிருந்தாலும், விவரம் பதிகிற பிள்ளையின் திரை பெரும்பாலும் தடங்காது. இயங்குதளத்தின் பெயர் ஐபிஎம் ஐ என்று மாறிய பிறகும் இந்த அமைப்பு அப்படியே நிற்கிறது.

எந்த வரிசைக்குப் போவது என்பதை யார் தீர்மானிக்கிறார்? கோளாறு அங்கேதான். அனுப்புபவர் சொல்லாவிட்டால், அவருடைய பயனர் கணக்கோடு இணைந்த 'ஜாப் டிஸ்கிரிப்ஷன்' தீர்மானிக்கும். அதையும் யாரும் தொடாவிட்டால், வேலைகள் எல்லாம் க்யூபேட்ச் என்ற ஒரே வரிசையில் விழும். அங்கே வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். சம்பளக் கணக்கும், யாரோ சும்மா கேட்ட பழைய பட்டியலும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் தோட்டச் சம்பளம் இப்படித்தான் ஓடியது. செக்ரோல் என்ற வருகைப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், தீபாவளி முன்பணக் கழிவு, கடைசியில் சம்பளச் சீட்டு. முந்தியது முடிந்ததா என்று எந்த நிரலும் பார்க்காது. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை; ஒன்று முடிந்தால்தானே அடுத்தது? வேகம் போதவில்லை என்று ஒருவர் அந்த வரிசையில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் உச்ச எண்ணை 1இலிருந்து 3 ஆக்கினார். முன்பணம் கழிந்து முடியுமுன்னே சீட்டு அச்சாகத் தொடங்கியது. பாதிப் பேருக்குக் கழிந்திருந்தது, மீதிப் பேருக்கு இல்லை. அதிகமாகக் கொடுத்த காசை அடுத்த மாதம் சேர்த்துப் பிடித்தார்கள். பிழை யாருடையதென்று லயத்தில் யாருக்கும் சொன்னதாக நினைவில்லை.

உச்ச எண்ணை மாற்றியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தொடர்வேலையின் ஒழுங்கு முழுவதையும் ஒற்றை எண்ணுக்குள் ஒளித்து வைத்து, ஏன் என்று எங்கும் எழுதாமல் போனவர்கள்தான் பொறுப்பு.

அதற்காக ஒற்றை வரிசையே போதும் என்றும் சொல்ல முடியாது. இரவு இரண்டு மணிக்கு ஒரு வேலை பிழையில் சிக்கி, ரத்துச் செய்யவா, தொடரவா என்று கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால், பதில் வரும்வரை பின்னாலுள்ள அத்தனையும் நிற்கும். இதைவிடக் கொடுமை, எந்தச் சப்சிஸ்டத்தோடும் இணைக்காத வரிசைக்கு வேலை போய்விடுவது. அனுப்பியாயிற்று என்று செய்தி வரும். அதற்குமேல் பிழையும் இல்லை, சத்தமும் இல்லை. வேலை அங்கேயே கிடக்கும். பிரட்டுக்களத்தில் ஆட்களை அழைத்துப்போக யாரும் வராவிட்டால் ஆட்களே சத்தம் போடுவார்கள்.

வரிசையில் நிற்கும் வேலையின் முன்னுரிமை எண்ணைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் ஆறுதலுக்குத்தான். 1 முதல் 9 வரையுள்ள அந்த எண், காத்திருக்கும் இடத்தில் முந்த உதவும். ஏற்கெனவே ஓடுகிற வேலையை நிறுத்தாது.

ஒன்றையொன்று நம்பியிருக்கும் வேலைகளை ஒரே கட்டுப்பாட்டு நிரலுக்குள் வரிசையாகக் கூப்பிட வேண்டும். முந்தியது விழுந்தால் பிந்தியது ஓடக்கூடாது. அறிக்கைகளுக்கு வேறு வரிசை, அங்கே மூன்று என்ன, நான்கும் ஓடட்டும். பிரிவுக்கொரு வரிசை வைக்கும் பழக்கம் எனக்கு ஒவ்வாது. கணக்குப் பிரிவிலும் அவசர வேலை, ஆறுதலாகச் செய்கிற வேலை இரண்டும் உண்டு.

நாங்கள் சம்பள வரிசையின் உச்ச எண்ணைத் திரும்ப 1 ஆக்கினோம். வரிசையின் விவரிப்பில் ஐம்பது எழுத்துக்குத்தான் இடம். அதற்குள் அடக்கி எழுதினோம்: சம்பளம், மாற்றாதே.