பல்சுவையும் பல்குரலும்: 1960களின் ஒருநாள் ஒலிபரப்பு பற்றிய ஒரு நோக்கு

1960களின் தொலைக்காட்சி பற்றி எழுதுவோர், அதன் ஒருநாள் நிகழ்ச்சிநிரலின் பல்சுவையை வியந்து கூறுவர். செய்தி, சிறுவர் அரங்கு, நாடகம், இசை, விளையாட்டு அனைத்தும் ஒரே திரையில் அடுத்தடுத்துத் தோன்றின. 1959இல் தொடங்கிய டெல்லித் தொலைக்காட்சி 1967இல் உழவர்க்கென 'கிருஷி தர்ஷன்' நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொண்டது. இலங்கையிலோ தொலைக்காட்சி 1979இலேயே தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. எனவே வன்னி மக்களைப் பொறுத்தவரை, அப்பல்சுவை நாள் கண்ணால் கண்டதன்று; வானொலி வழியே காதால் கேட்டது.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தேசிய சேவை, வர்த்தக சேவை என இருகிளைப்பட்டு இயங்கியது. எஸ். பி. மயில்வாகனம் போன்றோர் வர்த்தக சேவையைக் கடல்கடந்தும் புகழ்பெறச் செய்தனர். திரைப்பாடல், செய்தி, கருநாடக இசை, உரைச்சித்திரம், நாடகம் என நாள் நகர்ந்தது. தெரிவுகள் குறைவாயிருந்தமையால், பாட்டுக்காகக் காத்திருந்தவர் செய்தியையும் கேட்டார். நாடகத்துக்காக வந்தவர் இலக்கிய உரையையும் கேட்டார். தாம் நாடாததும் செவியில் விழுந்தமை அக்கால ஒலிபரப்பின் உண்மையான பயன் எனலாம்.

ஆயின், நிகழ்ச்சி வகைகள் பலவாதல் ஒன்று; குரல்கள் பலவாதல் வேறொன்று. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சானாவின் 'லண்டன் கந்தையா' ஆகியவை மேடைச் செந்தமிழை விலக்கி, மக்கள் வழங்கும் மொழியை ஒலிபரப்புக்குரியதாக்கின. இச்சாதனையை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் அப்பேச்சு யாழ்ப்பாணக் குடாநாட்டின் பேச்சு. இரணைமடு, வவுனிக்குளக் குடியேற்றங்களுக்குக் குடாநாட்டிலிருந்து வந்தோர் அதில் தம் ஊரைக் கேட்டிருப்பர். தலைமுறை தலைமுறையாகக் குளத்தை நம்பி வாழ்ந்த பழைய வன்னிக் கிராமத்தவர் அதில் அயலாரையே கேட்டிருப்பர். ஒரு வட்டாரத்தின் வழக்கு வானலை ஏறியதும், அதுவே ஈழத்தமிழர் அனைவரதும் வழக்கு என்னும் தோற்றம் உருவாகிவிடுகிறது.

வன்னியிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலா போயிற்று? முல்லைத்தீவில் கோவலன் கூத்து வழிவழியாக ஆடப்பட்டு வந்தது. அதே 1960களில் முல்லைமணி 'பண்டார வன்னியன்' நாடகத்தை எழுதினார். வயல் வேலையோடும் வேட்டையோடும் வழிபாட்டோடும் இணைந்த சொல்வளமும் அங்கிருந்தது. ஒலிபரப்பு நிலையம் கொழும்பில் இருந்தது. கலைஞரும் எழுத்தாளரும் அதனைச் சூழ்ந்தே இயங்கினர். தொலைவிலிருந்த உழவன் இயல்பாகவே அறிவுரை கேட்பவனாக அமைந்தான். பேசுபவனாக அமைதல் அரிதாயிற்று. இது தனிமனிதர் எவரதும் தீய நோக்கால் விளைந்ததன்று. சாதனத்தின் அமைப்பிலேயே உறைந்திருந்த குறை.

இன்று கைப்பேசியில் எண்ணற்ற அலைவரிசைகள் உள்ளன. வேண்டியதை மட்டும் கேட்கும் வசதி பெருகியிருக்கிறது. வேண்டாததையும் கேட்டு அறிவு விரியும் வாய்ப்பு சுருங்கியிருக்கிறது. பழைய நாளின் அப்பயனை நாம் இழந்தோம். அதன் குறையையோ இன்னும் முற்றாகக் களையவில்லை. போரும் இடப்பெயர்வும் வன்னியின் முதியோரையும் ஏடுகளையும் பெருமளவில் சிதறடித்துவிட்ட நிலையில், எஞ்சியிருக்கும் கூத்தையும் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தல் பல்கலைக்கழக மாணவரின் உடனடிக் கடமையாகும். ஒலிபரப்பின் வரலாற்றை எழுதும்போதும், எத்தனை வகை நிகழ்ச்சிகள் இருந்தன என்பதோடு, யார் யார் பேசினர் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.