சுங்க அட்டவணையில் ஒரு சாம்ராஜ்யம்

1898ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்பெயினோடு தொடங்கிய போர் டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தத்தில் முடிந்தபோது போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் அமெரிக்காவின் கைக்கு வந்திருந்தன. போர் நடந்துகொண்டிருந்த ஜூலையில் ஹவாயும் சேர்ந்துவிட்டது. கியூபா சுதந்திர நாடு என்று பெயர் பெற்றதே தவிர, 1901இன் பிளாட் திருத்தம் அதன் குடுமியை வாஷிங்டனிடம் கொடுத்தது. ஓர் அரசனின் ஆட்சியை எதிர்த்துப் பிறந்த குடியரசு ஏன் இப்படிக் கடல் கடந்து நாடு பிடிக்கப் போனது? பணத்துக்காக என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். யாருடைய பணம், எந்தச் சரக்கில், எந்த ஆண்டில் என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் வரலாற்றாசிரியர்கள் அணி பிரிகிறார்கள்.

முதல் அணி, விரிவாக்கத்தை வேண்டி நின்றவர்களே. உள்நோக்கத்தை மறைப்பது ஆதிக்கவாதிகளின் வழக்கம் என்று நாம் நினைக்கிறோம். இவர்கள் மறைக்கவே இல்லை. அமெரிக்க ஏற்றுமதி 1870இல் சுமார் 39 கோடி டாலர். 1900இல் 139 கோடி. இடையில் 1893இல் பெரும் நிதி நெருக்கடி வந்தது. வங்கிகள் சரிந்தன, ரயில் கம்பெனிகள் திவாலாயின, மறு ஆண்டு புல்மேன் வேலைநிறுத்தத்தை அடக்க ராணுவம் வந்தது. ஆலைகள் உற்பத்தி செய்வதை நாடு வாங்கித் தீர்க்க முடியவில்லை, மிச்சத்துக்கு வெளிநாட்டுச் சந்தை வேண்டும் என்ற பேச்சு அந்த ஆண்டுகளில் எங்கும் கேட்டது. 1895 ஜனவரியில் சின்சினாட்டியில் தேசிய உற்பத்தியாளர் சங்கம் கூடியதும் இதற்காகத்தான். கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் 1890இல் எழுதிய கடல் வல்லமை பற்றிய நூல் கப்பலையும் வணிகத்தையும் ஒரே கயிற்றில் கட்டியது. பொருளாதாரப் பத்திரிகையாளர் சார்லஸ் கோனன்ட் ஒரு படி மேலே போனார்: மிஞ்சியிருப்பது சரக்கு மட்டுமல்ல, மூலதனமும்தான்; லாபம் குறைந்துவரும் உள்நாட்டில் அதை முடக்கி வைத்தால் நெருக்கடி ஓயாது என்று 1898 செப்டம்பரில் ஒரு கட்டுரையில் வாதிட்டார். பிறகு இவரே பிலிப்பைன்ஸுக்குப் புதிய நாணயமுறையை வகுத்துக் கொடுத்தார். அங்கே மக்கள் பெசோவை ‘கோனன்ட்’ என்றே அழைத்தார்கள். சொந்தக் கொள்கை இப்படிக் காசாகிப் புழங்கியதைக் கண்ணால் பார்த்த பொருளாதாரக்காரர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

கோனன்ட் மருந்து என்று சொன்னதையே ஆங்கிலேயர் ஜே. ஏ. ஹாப்ஸன் 1902இல் நோய் என்று சொன்னார். தொழிலாளிக்குக் கூலி உயர்ந்தால் சரக்கு உள்நாட்டிலேயே விற்கும், நாடு பிடிக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. அவரிடமிருந்து லெனின் எடுத்துக்கொண்டு, முதலாளியத்தின் கடைசிக் கட்டம் இது என்றார். இந்த மரபின் வலு அதன் எளிமை. அதன் ஓட்டையும் அதுவே. 1914இல் வெளிநாட்டார் அமெரிக்காவில் போட்டிருந்த முதல் சுமார் 720 கோடி டாலர். அமெரிக்கர் வெளியே போட்டிருந்தது சுமார் 350 கோடி. கடனாளி நாடு ஒன்று மூலதனம் மிகுந்துபோனதால் படையெடுத்தது என்று நிறுவுவது கடினம்.

இந்தப் பேச்சையெல்லாம் சோதித்துப் பார்த்தவர் ஜூலியஸ் பிராட். அவருடைய நூல் 1936இல் வந்தது. வணிகர்கள்தான் போரைக் கொண்டுவந்தார்கள் என்று அன்று பரவலாக நம்பப்பட்டது. பிராட் அந்த நம்பிக்கையோடு வாதாடாமல் வணிகப் பத்திரிகைகள், நிதி ஏடுகள், வணிகர் சங்கத் தீர்மானங்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாகப் படித்தார். 1898இன் தொடக்கத்தில் அவற்றில் பெரும்பாலானவை போரை வெறுத்தன. நெருக்கடியிலிருந்து தொழில் அப்போதுதான் எழுந்து வந்துகொண்டிருந்தது. போர் நாணயத்தைக் குலைக்கும், பங்குச் சந்தையைச் சரிக்கும் என்ற அச்சம் அவர்களுக்கு. மே 1ஆம் தேதி மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயி ஸ்பானியக் கப்பற்படையை அழித்ததும் அதே ஏடுகளின் குரல் மாறியது. சீனாவின் வாசலில் ஒரு துறைமுகம் கிடைத்திருக்கிறதே, விடலாமா என்று எழுதத் தொடங்கின.

பிராட்டின் முடிவை விட அவருடைய முறை முக்கியமானது என்று நினைக்கிறேன். ஒரு நோக்கத்தைக் காரணம் என்று சொல்வதற்கு, அது செயலுக்கு முன்னால் இருந்ததா பின்னால் வந்ததா என்று காட்ட வேண்டும். இன்றும் இந்தத் துறையில் நுழைபவர் தாண்ட வேண்டிய முதல் படி இதுதான். அவருக்குப் பின் வந்தவர்கள் அவரை இதே படியில் நிறுத்தித்தான் மடக்கினார்கள். மார்ச் கடைசியிலேயே நியூயார்க் முதலாளிகளில் ஒரு பகுதியினர் ‘இழுத்தடிப்பதை விடப் போர் மேல்’ என்ற மனநிலைக்கு வந்துவிட்டதை வால்டர் லஃபீபர் ஆவணங்களோடு காட்டினார்.

லஃபீபர் வந்தது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து. எல்லைப்புறம் மூடிவிட்டது என்று 1893 ஜூலையில் சிகாகோவில் அறிவித்த ஃபிரடெரிக் ஜாக்ஸன் டர்னர் பாடம் நடத்தியதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். ஃபிரெட் ஹார்வி ஹாரிங்டனின் மாணவர் பரம்பரை அது. வில்லியம் ஆப்பிள்மன் வில்லியம்ஸ் 1959இலும், லஃபீபர் 1963இலும், தாமஸ் மெக்கார்மிக் 1967இலும் நூல்களைக் கொண்டுவந்தார்கள். நிலம் பிடிப்பது இவர்களுக்கு முக்கியமல்ல. சந்தை திறந்திருக்க வேண்டும், ஆட்சிச் செலவு மட்டும் மற்றவர் தலையில் இருக்க வேண்டும். இதுதான் அமெரிக்கப் பேரரசின் தனி முறை என்றார்கள். 1899இல் வெளியுறவுச் செயலர் ஜான் ஹே வல்லரசுகளுக்கு அனுப்பிய ‘திறந்த கதவு’க் குறிப்புகளே இவர்களுக்கு மூல ஆவணம். பிலிப்பைன்ஸ், குவாம், ஹவாய் எல்லாம் சீனாவுக்குப் போகும் வழியில் கப்பல் நிலக்கரி நிரப்பும் படிக்கட்டுகள்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. பால் வார்க் கணக்கைக் கையில் எடுத்தார். அமெரிக்க ஏற்றுமதியில் சீனாவின் பங்கு ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை; முக்கால் பங்குக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போனது. சீனச் சந்தை ஒரு கட்டுக்கதை என்றார். வில்லியம் பெக்கர் இன்னொரு பக்கத்தைச் சொன்னார்: உண்மையிலேயே வெளிநாட்டில் விற்கத் தெரிந்த பெரிய கம்பெனிகளுக்கு அரசின் தயவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. சிங்கர் தையல் மெஷின் கம்பெனி ஸ்காட்லாந்தில் ஆலை கட்டிக்கொண்டது. ஸ்டாண்டர்ட் ஆயில் தன் மண்ணெண்ணெயை ஆசியா முழுக்கத் தானே கொண்டுபோனது. கொடி இல்லாமல் சரக்கு போன கதைக்குச் சென்னைக்காரர்கள் மெரினாவைப் பார்த்தாலே போதும். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலேற்றிய பனிக்கட்டியைச் சேமிக்க 1840களில் எழுந்தது.

வார்க்கின் சதவீதக் கணக்கு சரிதான். ஆனால் ஏற்றுமதி மொத்தத்தில் ஒரு சதவீதமாக இருப்பது ஓர் ஊரின் முழுப் பிழைப்பாக இருக்கலாம். தென் கரோலினாவின் புதிய பஞ்சாலைகள் நெய்த முரட்டுத் துணி மஞ்சூரியாவுக்குப் போனது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதியைச் சீனாவே வாங்கியது. 1900இல் சீனாவில் பாக்ஸர் கலகம் மூண்டபோது அந்த ஆலைகளுக்கு ஆர்டர் நின்றுபோயிற்று. பாரிஸ் ஒப்பந்தம் 1899 பிப்ரவரியில் செனட்டில் 57க்கு 27 என்ற வாக்கில் தப்பிப் பிழைத்தபோது, அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களும் இரண்டு பக்கம் நின்றார்கள். துணி வணிகத்தை நினைத்த மெக்லாரின் ஆதரித்தார். வெள்ளையரல்லாதவரைக் குடியரசுக்குள் சேர்க்கலாகாது என்று கத்திய டில்மன் எதிர்த்தார். நாடு முழுமைக்குமான சராசரியில் இந்த வேறுபாடு தெரியாது. அதனால் இந்தத் துறையில் நான் வைக்கும் இரண்டாவது அளவுகோல் இது: ‘வணிக வர்க்கம்’ என்று பொதுவாகப் பேசும் எவரையும், எந்த ஊர், எந்தச் சரக்கு என்று கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

எந்தச் சரக்கு என்று கேட்கத் தொடங்கினால் சர்க்கரையில் போய் நிற்போம்.

ஹவாய்ச் சர்க்கரையைத் தீர்வையில்லாமல் அனுமதிக்க 1875இல் அமெரிக்கா ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது தீவுகள் ஏற்றியது சுமார் 13,000 டன்; 1890இல் சுமார் 1,30,000 டன். ஒரு தீவுக் கூட்டத்தின் நிலம், நீர், உழைப்பு எல்லாமே ஒரு தீர்வைச் சலுகையின் மேல் கட்டப்பட்டன. 1890இல் மெக்கின்லி சட்டம் எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் தீர்வையை நீக்கி, உள்நாட்டு விவசாயிக்கு ராத்தலுக்கு 2 சென்ட் ஊக்கத்தொகை தந்தது. ஹவாயின் தனிச் சலுகை ஒரே இரவில் செல்லாக்காசாயிற்று. 1893 ஜனவரியில், அமெரிக்காவோடு இணைய விரும்பிய லோரின் தர்ஸ்டன் கூட்டத்தார், பாஸ்டன் என்ற போர்க்கப்பலிலிருந்து இறங்கிய அமெரிக்க வீரர்களின் நிழலில், ராணி லிலியுகலானியைக் கவிழ்த்தார்கள். உள்நாடாகிவிட்டால் ஊக்கத்தொகை நமக்கும் கிடைக்கும் என்ற கணக்கு. இவ்வளவு கச்சிதமான பொருளாதார விளக்கம் வேறெங்கும் கிடைக்காது. பாடநூல்கள் இதோடு நிறுத்திவிடுகின்றன.

நிறுத்தக் கூடாது. தோட்ட முதலாளிகளில் மிகப் பெரியவரான கிளாஸ் ஸ்பிரெக்கல்ஸ் இணைப்பை எதிர்த்தார். ஆசியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதம். இணைந்தால் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காது என்பது அவர் பயம். 1900இல் அது பலிக்கவும் செய்தது. இன்னொன்று, 1894 ஆகஸ்டில் வந்த வில்சன்–கார்மன் சட்டம் கச்சாச் சர்க்கரைக்கு மீண்டும் 40 சதவீதத் தீர்வை போட்டது. ஹவாய்க்கு மட்டும் பழைய சலுகை திரும்பியது. சர்க்கரை மட்டுமே காரணமென்றால் இணைப்பு வேகம் அத்தோடு தணிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு கழித்து இணைப்பு நடந்தது. ஆகவே கவிழ்ப்புக்குச் சர்க்கரையும், இணைப்புக்குப் பெர்ல் துறைமுகமும் பெருகிவந்த ஜப்பானியக் குடியேற்றத்தைப் பற்றிய பீதியும் காரணம் என்று பிரித்துச் சொல்வதே நேர்மை.

அதே 1894 சட்டம் கியூபாவில் செய்தது இதைவிடக் கொடுமை. அமெரிக்கச் சந்தையை நம்பி அந்த ஆண்டு பத்து லட்சம் டன்னைத் தாண்டியிருந்த உற்பத்தி, தீர்வையால் நிலைகுலைந்தது. 1895 பிப்ரவரியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. கலகக்காரர் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். கியூபாவில் அமெரிக்கர் போட்டிருந்த முதல் 3 கோடியிலிருந்து 5 கோடி டாலர் வரை இருக்கும் என்று அதிபர் கிளீவ்லண்ட் 1896இல் காங்கிரசுக்குச் சொன்னார். அந்த முதலாளிகளில் முதன்மையானவரான எட்வின் அட்கின்ஸ் தலையீட்டுக்கு எதிராகவே வேலை செய்தார். வாஷிங்டன் எழுதிய தீர்வை விகிதம் கலகத்துக்கு எண்ணெய் ஊற்றியதற்கும், முதலாளிகள் போர் கேட்டதற்கும் வெகுதூரம். பொருளாதாரக் காரணம் வேறு, பொருளாதார நோக்கம் வேறு. இரண்டையும் குழப்பாத நூல்கள் குறைவு. வில்லியம்ஸின் அணியிலும் இந்தக் குழப்பம் உண்டு.

மனநிலை, ஆண்மை, இனம் என்று பேசும் அணியும் உண்டு. 1890களின் மன நெருக்கடி என்றார் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர். ஆண்மை பற்றிய பதற்றம் என்று 1998இல் எழுதினார் கிறிஸ்டின் ஹோகன்சன். கூட்டம் ஏன் கொதித்தது என்பதற்கு இவர்கள் உதவுவார்கள். பிடித்த நிலத்தை என்ன செய்தார்கள் என்பதற்கு உதவ மாட்டார்கள்.

அதற்கு மறுபடியும் சுங்க அட்டவணைக்கே போக வேண்டும். 1900இல் போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க மண்; ஆனாலும் அங்கிருந்து வரும் சரக்குக்கு, வெளிநாட்டுச் சரக்குக்கு உரிய தீர்வையில் 15 சதவீதம் வசூலிக்கப்பட்டது. சான் ஹுவானிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குத் தீர்வை கட்டிய வணிகர் வழக்குப் போட்டார். 1901இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், அமெரிக்காவின் பகுதி அல்ல. ஒரு பேரரசின் அரசியலமைப்புச் சட்டமே ஆரஞ்சுப் பெட்டியின் மேல் எழுதப்பட்டது. நிலத்தை விரும்பியவர்களும் அந்த நிலத்தின் விளைச்சலை வெறுத்தவர்களும் ஒரே காங்கிரசில் உட்கார்ந்திருந்தார்கள். பிலிப்பைன்ஸ் சர்க்கரையையும் புகையிலையையும் அமெரிக்க பீட் விவசாயிகளும் சுருட்டுக்காரர்களும் பல ஆண்டுகள் தடுத்து வைத்தார்கள். 1909இல் கதவு திறந்தபோதும் சர்க்கரைக்கு 3,00,000 டன் உச்சவரம்பு.

அதிபர் டாஃப்ட் காலத்து ‘டாலர் ராஜதந்திரம்’ இந்தக் கேள்வியைத் தலைகீழாக்கிவிடுகிறது. பணம் அரசை இழுத்தது என்பது பழைய வாதம்; இங்கே வெளியுறவுச் செயலர் நாக்ஸ்தான் நியூயார்க் வங்கியாளர்களைச் சீன ரயில் கடன்களுக்குப் பிடித்து இழுத்துப்போனார். 1913 மார்ச்சில் புதிய அதிபர் வில்சன் ஆதரவை விலக்கியதும் அவர்கள் விட்டது தொல்லை என்று வெளியேறினார்கள். அரசே முதலீட்டாளரைத் தேடி அலைந்த இந்தக் காட்சியை ஹாப்ஸன் வழியில் விளக்க முடியாது. வில்லியம்ஸ் வழியில் ஓரளவு முடியும்.

அதிகம் எழுதப்படாத சரக்கு ஒன்று உண்டு: மணிலா நார். அமெரிக்கச் சமவெளியில் கோதுமையை அறுத்துக் கட்டும் இயந்திரம் பரவியதும் கட்டுக்கயிற்றுக்குப் பெருந்தேவை எழுந்தது. அதற்கான நார் யூகாட்டானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தது. யூகாட்டானில் கொடி ஏற்ற வேண்டியிருக்கவில்லை. 1902இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அங்கத்திய பெரும்புள்ளி ஒலெகாரியோ மோலினாவோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு விலையைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. கொடி பறந்த பிலிப்பைன்ஸில், அதே 1902இல், நாருக்கு வசூலித்த ஏற்றுமதித் தீர்வையை அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்கு மட்டும் திருப்பித் தரும்படி காங்கிரஸ் சட்டம் செய்தது. மணிலாவின் கஜானாவுக்கு வர வேண்டிய காசு அமெரிக்கக் கயிற்று ஆலைகளுக்குச் சலுகையாகப் போயிற்று.